உறைக்கு ஒரு பிடி மணல்

கொஞ்சம் மெதுவா சார், முழங்கை பட்டுடப் போவுது. உங்களக் குத்தம் சொல்லல, பஸ்ஸு ஆடற ஆட்டம் அப்படி. மடியில மீன் கவர் இருக்குது. அதுக்குத்தான் துண்டு போட்டு மூடிக்கினு உக்காந்திருக்கேன். இருட்டுல இருந்தா மீனு பயப்படாதுன்னு கடைக்காரன் சொன்னான். நான் மூடினது அதுக்கு இல்ல. முன் சீட்டு அம்மா ஏறினதுல இருந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு வருது. எதுக்கு வம்புன்னு மூடிட்டேன்.

தங்கமீன் இல்ல சார், கடல் மீனு. ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை இருக்கும், கோமாளி மீனுன்னு சொல்றாங்க. உப்புத் தண்ணியிலதான் வாழும். கொளத்தூர் மீன் கடையில வாங்கிக்கினு பாடியில பஸ் புடிச்சேன். டிக்கெட்டு திருவள்ளூருக்கு. ஊரு திருத்தணி. வீடு, தொழில் எல்லாம் அங்கதான். கேன் தண்ணி போடறேன், தணிகாசலம்னா தெரியாதவங்க இல்ல. மலைக்குப் போற ரோட்டுல பாதிக் கடைக்கு நம்ம தண்ணிதான். ஊரு திருத்தணின்னா மீனு எதுக்கு திருவள்ளூருக்குப் போவுதுன்னு கேக்கறீங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குப் பொறாமைன்னு ஒண்ணு கிடையாது. எங்க வீட்டு ஆளுங்களைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. நீங்க வெளி ஆளு, முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரு சகலை. பரந்தாமன்னு பேரு. என் சம்சாரம் கோமளாவோட அக்கா சுலோச்சனாவைக் கட்டினவரு. திருவள்ளூர்ல வீடு, ரயில்வேல உத்தியோகம். கொழந்தை இல்ல. பாக்காத வைத்தியம் இல்ல, போவாத கோயில் இல்ல. பாவம்தான், நான் ஒண்ணும் சொல்லல. இனிமே இல்லைன்னு ஆனப்புறம் மனுஷன் ஹால்ல ஒரு கண்ணாடித் தொட்டி வச்சாரு. கடல் தொட்டி. உள்ள பாறைக்கல்லு, மணலு, பூ மாதிரி ஆடிக்கினே இருக்கற ஏதோ ஒரு உசுரு, அதுல புரண்டு விளையாடறதுக்கு ரெண்டு கோமாளி மீனு. பாக்க நல்லாத்தான் இருக்கும், இல்லைங்கல. ஆனா அந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றவங்க ஒருத்தர் பாக்கி இல்லாம அதைப் பத்தியேதான் பேசணுமா? நான் எவ்ளோ பெரிய சுத்திகரிப்பு மெஷின் போட்டேன், எவனாச்சும் நின்னு பாத்தானா? ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு, பரவால்லையேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அது கூடப் போவட்டும். எனக்கு ஒரே பொண்ணு, மதிவதனி. மூணாவது படிக்கிறா. சனிக்கிழமை ஆனா அவளுக்குத் திருவள்ளூர் போவணும். கோமளா ரயில்ல கூட்டிக்கினு போய் அக்கா வீட்டுல விட்டுட்டு வருவா, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அவரே கொண்டாந்து விடுவாரு. எனக்கு சனி ஞாயிறுதான் வியாபாரம், மலைக்கு ஜனம் வரும். வாரம் பூரா என்னா பேச்சு தெரியுமா? பெரியப்பா சொன்னாரு, மீனுக்குத் தூங்கும்போது கண்ணு மூடாதாம். பெரியப்பா சொன்னாரு, அந்த ரெண்டு மீன்ல பெருசு அம்மாவாம், சின்னது அப்பாவாம். சாப்பிடும்போது பெரியப்பா, தலை சீவும்போது பெரியப்பா. நான் ஒண்ணும் சொல்லல. கொழந்தை, பாசமா இருந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன்.

ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து ஃபோன் வந்துச்சி, பொண்ணுக்கு உடம்பு கொதிக்குதுன்னு. வண்டி நெறைய கேனு, அப்படியே ஓரங்கட்டிட்டு ஓடினேன். தூக்கிக்கினு வந்து படுக்க வச்சி, ஈரத்துணி போட்டுக்கினு பக்கத்துலயே உக்காந்திருக்கேன். காய்ச்சல்ல கொழந்தைங்க என்னா சார் முனகும்? அம்மான்னு முனகும், அப்பான்னு முனகும். இது என் கையைப் புடிச்சிக்கினு, "பெரியப்பா, மீனுக்குப் போட்டீங்களா"ன்னு கேக்குது. கண்ணத் தொறக்கல. நான்தான் அவருன்னு நெனச்சிக்கினு கேக்குது. வயிறு எரிஞ்சிடுச்சி சார் எனக்கு. போட்டேன் போட்டேன், நீ தூங்குன்னு அவரு மாதிரியே பதில் சொன்னேன். அப்பதான் தூங்கினா.

அன்னிக்கு முடிவு பண்ணேன், நம்ம வீட்டுலயும் கடல் தொட்டி வைக்கணும்னு. இது பொறாமையா? பொண்ணு ஆசைப்படுது, அப்பன் வாங்கிக் குடுக்கறான். அவ்ளோதான்.

அடுத்த தடவை அவரு வீட்டுக்குப் போனப்போ, எல்லாரும் சமையல்கட்டுல இருக்கும்போது அவரு தொட்டியை சாண் போட்டு அளந்தேன். அதைவிட ஒரு சாண் பெருசா கொளத்தூர்ல சொல்லிச் செஞ்சேன். எங்க ஹால்ல எடம் இல்ல. பீரோவை உள் ரூமுக்குத் தள்ளினோம். இப்போ அந்த ரூம் கதவு பாதிதான் தொறக்குது, கோமளா பக்கவாட்டுல நொழைஞ்சி போவுறா. கல்லு வந்துச்சி, மணலு வந்துச்சி, தண்ணியைச் சுத்த விடற மோட்டார் வந்துச்சி. சமையல் உப்பு ஆவாது, அதுக்குத் தனி உப்பு இருக்குது, அதுவும் வந்துச்சி. தண்ணிக்கு மட்டும் நான் யாரையும் கேக்கல. தண்ணியில எனக்கு யாரு சார் பாடம் எடுக்கறது? நம்ம பிளான்ட் தண்ணி, நம்ம மெஷின்ல ஓடின தண்ணி. உப்பைக் கலந்து, அளவு பாத்து ஊத்தினேன். கண்ணாடியே இல்லாத மாதிரி இருந்துச்சி தொட்டி.

விஷயம் தெரிஞ்சதும் சகலை ஃபோன் பண்ணாரு. ரொம்ப சந்தோஷம் தம்பி, ஆனா மீனு விடறதுக்கு அவசரப்படாதீங்கன்னாரு. மீனு கழிக்கிறதெல்லாம் தண்ணியில விஷமா நிக்குமாம். அதைத் தின்னுத் தீக்கறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி இருக்குதாம். அது கல்லுலயும் மணல்லயும் வளந்தாதான் தண்ணி மீனுக்கு ஆவுமாம். மாசக்கணக்குல கூட ஆவலாமாம். "என் தொட்டியில இருந்து ரெண்டு கல்லும் ஒரு பிடி மணலும் தர்றேன். பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான். அதுல இருக்கறது உங்க தொட்டியில பரவிக்கும்"னாரு.

கிருமியை வளக்கணுமாம் சார். யார்கிட்ட சொல்றாரு? கிருமி இல்லாத தண்ணின்னு கேன் மேல ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவன்கிட்ட சொல்றாரு. நான் காலத்துக்கும் கிருமியைக் கொன்னு சோறு தின்னுறவன். சரி சரி பாக்கலாம்னு வச்சிட்டேன். கோமளாவுக்கு அது புடிக்கல. பக்கத்து வீட்டுல உறை மோர் வாங்காத வீடா நம்ம வீடு, அக்கா வீட்டுக்காரர்தானே, ஒரு பிடி மணல் வாங்கினா கொறைஞ்சா போயிடுவீங்கன்னு கேட்டா. அவளுக்கு என்னா தெரியும்? அவரு உறை ஊத்தி என் வீட்டுப் பாலு உறைஞ்சா, அது யாரு வீட்டுத் தயிரு சார்? நாளைக்குப் பொண்ணு என்னா சொல்லுவா? இது பெரியப்பா குடுத்தது, அதனாலதான் நல்லா இருக்குதுன்னு சொல்லுவா. வேணாம்.

அந்த சனிக்கிழமை மதி திருவள்ளூர் போவல. அதுதான் சார் எனக்கு வேண்டியது. புதுத் தொட்டி இருக்குது இல்ல? நானும் வியாபாரத்துக்கு ஆளை அனுப்பிட்டு வீட்டுல இருந்தேன். ரெண்டு பேரும் கையைக் கழுவிக்கினு கல்லு அடுக்கினோம். மீனுக்கு வீடு கட்டணும்னு அவதான் எங்க வாசல், எங்க சமையல்கட்டுன்னு சொல்றா, நான் தண்ணிக்குள்ள கையை விட்டு அடுக்கறேன். தோள் வரைக்கும் சட்டை நனைஞ்சி போச்சி. அப்புறம் தரையில உக்காந்து, ஒண்ணுமே இல்லாத தண்ணியைப் பாத்துக்கினே இருந்தோம். அவ பேசறா பேசறா அப்படிப் பேசறா. ஸ்கூல்ல யாரோ இவ பென்சிலை எடுத்துட்டாங்களாம், பல்லு ஒண்ணு ஆடுதாம், அதை நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டறா. எனக்கே தெரியாது சார் என் பொண்ணு இவ்ளோ பேசுவான்னு. மீனே இல்லாத தொட்டிக்கே இப்படின்னா, மீனு வந்துட்டா எப்படி இருக்கும்னு நெனச்சேன். சீக்கிரம் மீனு விட்டுடணும்னு அப்பவே மனசுல வச்சிக்கிட்டேன்.

மறுநாள் யாரு வந்து நிக்கிறாங்கன்னு நெனக்கிறீங்க? சகலைதான். பொண்ணு வரலைன்னு தெரிஞ்சதும் தானே கெளம்பி வந்துட்டாரு. கையில ஒரு பையி. ஈர நியூஸ்பேப்பர்ல சுத்தி ரெண்டு கல்லு, ஒரு டப்பாவுல மணலு. பாக்கலாம்னு சொல்லியும் கொண்டாந்திருக்காரு பாருங்க. நல்லதுன்னு வாங்கி, வெளிய கொழாய்கிட்ட வச்சேன். அப்புறம் போடலாம்னுதான் வச்சேன். வெயில்ல காஞ்சி போச்சி. அதுக்கு நான் என்னா பண்றது?

உள்ள வந்து தொட்டி முன்னாடி நின்னாரு. மதி அவரு கையைப் புடிச்சிக்கினு, இது வாசல், இது சமையல்கட்டுன்னு நாங்க கட்டினதை எல்லாம் அவருக்குக் காட்டறா. நாங்க கட்டினது, சார். அவரு பாத்துக்கினே இருந்தாரு. தொட்டியையும் பாத்தாரு, பொண்ணையும் பாத்தாரு. "என்னுதை விடப் பெருசு தம்பி. நல்லா வரும்"னாரு. டீ குடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. மனுஷன் கெட்டவரு இல்ல. ஆனா அந்தப் பார்வை இருக்குதே, ஏங்கற பார்வை. உங்களுக்குப் புரியுது இல்ல?

ரெண்டு நாள்ல தண்ணி பாலு மாதிரி ஆயிடுச்சி. பின்னாடி இருக்கற கல்லு தெரியல. கண்ணு மாதிரி பாத்துக்கிட்ட தண்ணி. கொளத்தூர் கடைக்காரனைக் கேட்டா, புதுத் தொட்டியில அப்படித்தான் ஆவும், தானா தெளியும், கை வைக்காதீங்கன்னு சொல்றான். அவன் கடைக்காரன், அப்படித்தான் சொல்லுவான். எனக்குத் தெரியாதா எதனால கலங்குச்சின்னு? சகலை வந்துட்டுப் போற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சி?

கடைக்குப் போய் நல்ல கட்டியா ஒரு படிகாரம் வாங்கினேன். கறுப்புக் கயித்துல கட்டி, தொட்டிக்கு நேர் மேல ஆணி அடிச்சித் தொங்க விட்டேன். வாசல்ல கட்டலாம்னு கோமளா சொன்னா. வாசல்ல கட்டினா வீட்டுக்கு. நமக்குத் தொட்டிக்கு இல்ல வேணும்? வர்றவன் கண்ணு மொதல்ல படிகாரத்து மேல விழணும், அப்புறம்தான் தொட்டி. எதுக்குப்பா இதுன்னு மதி கேட்டா. கொழந்தைகிட்ட என்னா சொல்றது? பெரியப்பா அன்னிக்கு வந்து பாத்தாரு இல்ல, பாப்பா இல்லாதவங்க ஏங்கிப் பாத்தா கண்ணு பட்டுடும், அது படாம இருக்கத்தான்னு சொன்னேன். அண்ணாந்து அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தா.

நம்புவீங்களோ மாட்டீங்களோ, அந்த வாரத்துக்குள்ள தண்ணி தெளிஞ்சிடுச்சி. தெளிஞ்சிடுச்சின்னா சாதாரணமா இல்ல, பளிங்கு. என் கேன் தண்ணி கூட அப்படி இருந்தது இல்ல. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். சகலைகிட்ட இருந்துதான் மொதல்ல பதில் வந்துச்சி. அழகா இருக்குது தம்பி, ஆனா தெளிஞ்ச தண்ணி எல்லாம் மீனுக்கு ஆன தண்ணி இல்ல, சோதிச்சிப் பாத்துட்டு விடுங்கன்னு. பாத்தீங்களா? ஒரு நல்ல வார்த்தை சொன்னா அதோட நிறுத்தணும். ஆனான்னு ஒண்ணு எதுக்கு?

அந்த நேரம் பாத்து அவரு வீட்டு மீனு முட்டை வச்சிடுச்சி. என் நேரம் சார். சுலோச்சனா ஃபோன் பண்ணிச் சொல்லுது, மதி ஃபோனைப் புடுங்கிப் பேசுது. கல்லு மேல ஆரஞ்சு ஆரஞ்சா ஒட்டி வச்சிருக்குதாம். அப்பா மீனுதான் காவலாம். எதுவும் கிட்ட வராம வெரட்டிக்கினு, ரெக்கையால விசிறி விட்டுக்கினு, அந்த எடத்தை விட்டு நவுராதாம். "அம்மா மீனு சுத்தப் போயிடும்பா. அப்பாதான் கூடவே இருக்கும்"னு என்கிட்ட வந்து சொல்றா. அதை எதுக்கு சார் என்கிட்ட சொல்லணும்? நான் எங்க விசிறிக்கினு உக்கார்றது, எனக்குக் கடை கடையா கேன் போட லைன் போவணும். சனிக்கிழமை திருவள்ளூர் போறேம்பான்னா. பையில துணி எல்லாம் எடுத்து வச்சிட்டா.

வெள்ளிக்கிழமை காலையில மொதல் பஸ்ஸுக்குக் கொளத்தூர் போயிட்டேன். ரெண்டு கோமாளி மீனு வாங்கினேன். தொட்டி வச்சி எவ்ளோ நாளாச்சின்னு கடைக்காரன் கேட்டான். அது ஆச்சி நெறைய நாளுன்னு சொன்னேன். மதி ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள மீனு தொட்டியில நீந்துது. அவ மொகத்தைப் பாக்கணுமே நீங்க. பையைத் தரையில போட்டா, ஷூ கூடக் கழட்டல. ஒண்ணு நாங்க கல்லுல கட்டின வாசல்ல நொழைஞ்சி சமையல்கட்டு வழியா வந்துச்சி. அப்பா பாரு, அப்பா பாருன்னு என் சட்டையைப் புடிச்சி இழுக்கறா. பெரியப்பான்னு ஒரு வார்த்தை வரல. திருவள்ளூர் போற பையி அப்படியே மூலையில கெடந்துச்சி. நான் ஜெயிச்சிட்டேன் சார். பொய் எதுக்கு, அப்படித்தான் தோணுச்சி.

விடிஞ்சி பாத்தா ஒண்ணு செத்து மணல்ல கெடக்குது. இன்னொண்ணு மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடுது. மதி கத்தல. நேராப் போய் கோமளா ஃபோனை எடுத்தா. என்னைக் கூப்பிடல சார். நான் அங்கயேதான் நிக்கிறேன், தண்ணிக்காரன். அவருக்குத்தான் பண்ணா.

மனுஷன் இருந்த கோலத்துல கெளம்பி வந்தாரு. ஷேவ் பண்ணல, சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்கு. மூடி போட்ட பக்கெட்டுல அவரு தொட்டித் தண்ணி, பேட்டரியில ஓடற சின்ன காத்து மெஷினு. மீனை மெதுவா எடுத்து பக்கெட்டுக்கு மாத்தினாரு. சோதிக்கிற காகிதத் துண்டு ஒண்ணை எங்க தண்ணியில முக்கி நெறம் பாத்தாரு. தண்ணி புளிச்சிருக்குதே தம்பி, எதனாலன்னு தெரியலையேன்னு சொல்லிக்கினே நிமிந்தாரு. அவரு தலைக்கு மேலதான் அது தொங்குது.

மோட்டாரு வேகத்துல தண்ணி தெறிச்சித் தெறிச்சி, படிகாரம் பாதியாக் கரைஞ்சி போயிருந்துச்சி. நான் அதைக் கவனிக்கவே இல்ல. அடியில ஒரு சொட்டு நிக்குது. அவரு பாக்கும்போதே அது தொட்டியில விழுந்துச்சி. தண்ணி பளிங்கா ஏன் தெளிஞ்சிதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சிது. கலங்கின தண்ணியில படிகாரம் போட்டா தெளியும், புளிப்பும் ஏறும், அது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனா இது கண்ணுக்குக் கட்டினது இல்லயா, அந்தப் பக்கம் யோசனை போவல.

அவரு கோவப்படல. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சிரிச்சிக்கினேதான் கேட்டாரு. "என்னா தம்பி, தொட்டிக்குப் போய்க் கட்டியிருக்கீங்க. யாரு கண்ணுக்கு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஊரு கண்ணு, தெருக் கண்ணுன்னு சொல்லியிருப்பேன். அதுக்குள்ள மதி சொல்லிடுச்சி. "உங்க கண்ணுக்குப் பெரியப்பா."

கொழந்தை சார். கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சி. அதுக்கு அதுல என்னா இருக்குதுன்னு தெரியாது. கோமளா சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கினு இருந்தா, அப்படியே உள்ள போயிட்டா. அவரு பக்கெட்டுகிட்ட குனிஞ்சாரு. அப்புறம் மூடியை அழுத்தி மூடினாரு. மதி தலையில கை வைக்கப் போனாரு, வைக்கல. எப்பவும் வைப்பாரு, அன்னிக்குக் கை பாதியில திரும்பிடுச்சி. வாசல்ல செருப்பு போட்டுக்கினு என்கிட்ட சொன்னாரு. "மீனு என்கிட்ட இருக்கட்டும் தம்பி, பொழைச்சிக்கும். மதியைக் கொஞ்ச நாளைக்கு அனுப்ப வேணாம். உங்களோடயே இருக்கட்டும்."

இதுதானே சார் எனக்கு வேண்டியது? கெடைச்சிடுச்சி. எல்லா சனிக்கிழமையும் பொண்ணு வீட்டுலதான் இருக்குது. தண்ணியைக் கொட்டிட்டு, கல்லு மணலு எல்லாம் அலசி, புதுசா உப்புக் கலந்து திரும்ப ஊத்தி வச்சிட்டேன். படிகாரத்தை அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன். மதி ஒண்ணுமில்லாத தொட்டி முன்னாடி உக்காந்திருக்கா. நானும் போய்ப் பக்கத்துல உக்கார்றேன். பேச மாட்டேங்கறா. ஆடின பல்லு விழுந்துடுச்சி, எப்ப விழுந்துச்சின்னு கூட எனக்குச் சொல்லல. எதனா பேசுடின்னா, "உனக்கு லைன் இருக்குது இல்ல, நீ போப்பா"ங்கறா.

அங்கயும் நல்லா இல்லயாம். போன வாரம் சுலோச்சனா ஃபோன்ல கோமளாகிட்ட ஒரே அழுகையாம். அவங்க தெருவுல யாருக்கோ வளைகாப்பு. எப்பவும் பந்திக்கு முன்னாடி நிக்கிற மனுஷன், நான் வரல, என் கண்ணு எதுக்கு அங்கன்னு சொல்லிட்டு வீட்டுலயே உக்காந்துட்டாராம். பக்கத்து வீட்டுக் கொழந்தை உள்ள ஓடி வந்தா கூட மொகத்தைத் திருப்பிக்கிறாராம். கோமளா அதைச் சொல்லிட்டு என்னையே பாக்கறா. என்னை எதுக்குப் பாக்கணும்? நான் அவரு மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொன்னேனா? கொழந்தை சொல்லுச்சி. நான் மனசுல வச்சிக்கினு இருந்தேன், அவ்ளோதான். மனசுல இருக்கறதுக்கெல்லாம் கணக்குப் பாத்தா எவன் சார் மிஞ்சுவான்?

ரெண்டு நாளா எனக்கும் சாப்பாடு சரியா எறங்கல. நேத்து மதிகிட்டயே கேட்டேன், என்னாதான்டி பண்ணணும் நானுன்னு. எழுந்து போனா. அவ ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போற தண்ணி பாட்டிலை நல்லாக் கழுவித் தொடைச்சி எடுத்தாந்து குடுத்தா. இதோ, பையில இருக்குது பாருங்க, ரோஸ் கலரு. பெரியப்பாகிட்ட ஒரு பிடி மணலு வாங்கிக்கினு வாப்பா, உறைக்கு, நீயே போய்க் கேளுன்னா.

அதான் சார் திருவள்ளூரு. வெறுங்கையோட போனா யாசகம் கேக்க வந்த மாதிரி இருக்கும். நம்ம மீனு ஒண்ணு அங்க தனியா ஒரு டப்பாவுல இருக்குதாம், அவரு வீட்டு மீனு ஜோடி அதைச் சேக்க மாட்டேங்குதாம். அதுக்குத் தொணைக்குத்தான் இது. மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனைச்சிடாதீங்க. மணலு வாங்கப் போறேன். கடல் மணலு எங்க வேணா கெடைக்கும், ஆனா உறை உள்ள மணலு அவரு வீட்டுலதான் இருக்குது.

ஆனா கேளுங்க, காலையில கெளம்பறப்போ என்னா நடந்துதுன்னு. செருப்பு மாட்டிக்கினு இருக்கேன், மதி ஓடி வந்து காதுல சொல்றா. "அப்பா, பெரியப்பா கேட்டா, படிகாரம் நான்தான் கட்டச் சொன்னேன்னு சொல்லிடு. கண்ணுன்னு நானா சும்மா சொல்லிட்டேன்னு சொல்லு. உன் மேலன்னா கோவம் இருக்கும். என் மேல அவருக்குக் கோவம் வராது."

பாத்தீங்களா சார், எவ்ளோ நம்பிக்கைன்னு? என் மேல அவருக்குக் கோவம் வராதாம். எவ்ளோ தைரியமா சொல்றா. என்னைப் பத்தி எவன்கிட்டயாச்சும் அப்படிச் சொல்லுவாளா? பாடியில இருந்து அதே ஞாபகமாத்தான் வர்றேன், மனசு ஆற மாட்டேங்குது.

என்னா சார் அப்படிப் பாக்கறீங்க? கண்ணு ஏன் கலங்குது உங்களுக்கு? யாரைக் காப்பாத்த அப்படிச் சொன்னாளா?

அது... சரி, என்னைத்தான். என்னைத்தான் சொன்னா, இல்லைங்கல. அதுக்குன்னு விட்டுடறதா? நான் போய் அவ சொன்ன மாதிரியே சொல்லி, அவரும் சிரிச்சிக்கினு, கொழந்தைதானே தம்பி, விடுங்கன்னு சொல்லிட்டாருன்னா? அந்த நல்ல பேரும் அவருக்கே போயிடும். முடியாது சார். நான்தான் கட்டினேன், உங்க கண்ணுக்குத்தான் கட்டினேன், என் வயித்தெரிச்சலுக்குக் கட்டினேன்னு நேரா சொல்லிடப் போறேன். கோவப்பட்டா என் மேல கோவப்படட்டும். என் பொண்ணு மேல கோவப்படாம இருக்கற சான்ஸை அவருக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?

திருவள்ளூர் வந்துடுச்சின்னு நெனைக்கிறேன். தேரடிதானே இது? ஒரு நிமிஷம் இந்தக் கவரைப் புடிங்க, நான் பையை எடுத்துக்கறேன். அடியில கை குடுத்துப் புடிங்க. துண்டு நழுவிடுச்சா? மூட வேணாம் சார், பரவால்ல. நல்லாப் பாருங்க. நீங்க பாத்தா ஒண்ணும் ஆயிடாது.